காய்ச்சல் மாதங்களும் எங்கள் அண்ணனும்

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உங்களில் பாதிப் பேருடைய நாக்கை எங்கள் அண்ணன் பார்த்திருப்பார். மீதிப் பேருடைய பிள்ளைகளின் நாக்கைப் பார்த்திருப்பார். ஆகவே அவர் எப்படிப்பட்ட மருத்துவர் என்று உங்களுக்கு நான் எடுத்துச் சொல்லத் தேவையில்லை. வீட்டில் அவர் எப்படி இருந்தார் என்பதை எழுதச் சொல்லி அண்ணி என்னிடம் கேட்டார்கள். "நீதான் வாயாடி, நீயே எழுது" என்று சொன்னவர்கள், நான் எழுத உட்கார்ந்ததும் கிட்டே நிற்க முடியாமல் சமையலறைக்குள் போய்விட்டார்கள். அண்ணன் மறைந்து ஒரு வருடம் ஆகிவிட்டது. இந்த வாயாடிக்கு வார்த்தை வர இவ்வளவு காலம் ஆகியிருக்கிறது.

அண்ணன் பிறந்தது தாம்பரம் ரயில்வே குடியிருப்பில். எங்கள் அப்பா மின்சார ரயில் பணிமனையில் வேலை பார்த்தார். அண்ணன் செங்கல்பட்டில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்தபோது அப்பா மாரடைப்பில் போய்விட்டார். அப்போது நான் பாவாடை சட்டை போட்ட பள்ளிக்கூடப் பெண். குடியிருப்பைக் காலி செய்துவிட்டு அம்மாவும் நாங்களும் பெருங்களத்தூரில் ஓர் ஓட்டு வீட்டுக்கு வந்தோம். அண்ணன் தினமும் ரயிலில் நின்றுகொண்டே பாடம் படித்து டாக்டரானார். மேல்படிப்புக்கு வெளியூரில் இடம் கிடைத்தது. அம்மாவையும் என்னையும் விட்டுவிட்டுப் போக அவருக்கு மனம் வரவில்லை. அதற்காக அவர் வருத்தப்பட்டு நான் பார்த்ததில்லை. "ஸ்பெஷலிஸ்ட் ஆகியிருந்தா காலம் பூரா ஒரே உறுப்பைப் பாத்துக்கிட்டு இருக்கணும். நமக்கு அது சரிப்படாது" என்பார்.

பிற்பாடு பீர்க்கன்கரணையில், ஏரிக்குப் பக்கத்துத் தெருவில் வீடு கட்டினார். கீழே அண்ணனும் அண்ணியும், மாடியில் நானும் என் கணவரும். கீழ்வீட்டின் முன்னறைதான் கிளினிக். காலையில் அங்கே நோயாளிகளைப் பார்ப்பார். மற்ற நேரம் முழுவதும் மேற்குத் தாம்பரத்தில் ஒரு சிறிய நர்சிங் ஹோமுக்கு ஆன்கால் டாக்டர். அவர்கள் கூப்பிட்டால் போக வேண்டும். அவர்கள் கூப்பிடாத நேரத்தில் முடிச்சூரிலிருந்து யாராவது கூப்பிடுவார்கள், அதற்கும் போவார். பாதிச் சாப்பாட்டில் தட்டிலேயே கை கழுவிவிட்டு ஓடிய நாட்களை எண்ண ஆரம்பித்தால் அண்ணி அழுதுவிடுவார்கள்.

எங்கள் வீட்டில் போன் மணியை வைத்தே மாதத்தைச் சொல்லிவிடலாம். ஜூனில் பள்ளிக்கூடம் திறந்ததும் பிள்ளைகளின் இருமல். ஆடிக் காற்று அடங்கித் தூறல் விழ ஆரம்பித்தால் கண்வலி. மெட்ராஸ் ஐ என்று ஊர்ப் பெயரையே அதற்கு வைத்துவிட்டார்களே என்று அண்ணனுக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு. தீபாவளிக்கு மறுநாள் வயிறு. ஐப்பசி, கார்த்திகை மழையில் விதவிதமான காய்ச்சல், சேற்றுப்புண். கார்த்திகையில் மாலை போட்ட சாமிகள் விடியற்காலைப் பச்சைத்தண்ணீர்க் குளியலில் தொண்டை கட்டிப்போய் வருவார்கள். பேச்சே வராது. "டாக்டர் சாமி" என்று சைகையில் ஆரம்பிப்பார்கள். "வாய திறங்க சாமி" என்று இவரும் கும்பிட்டுவிட்டு டார்ச் அடித்துப் பார்ப்பார்.

வெயில் ஏறினால் லாரித் தண்ணீரும் வயிற்றுப்போக்கும் கூடவே வரும். பங்குனியில் வாசல்களில் வேப்பிலைக் கொத்து தொங்க ஆரம்பிக்கும். அம்மை போட்ட வீட்டில் டாக்டரைக் கூப்பிட மாட்டார்கள், ஆத்தா கோபித்துக்கொள்வாள் என்று பயம். அண்ணன் கூப்பிடாமலே போவார். கேட்டுக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு நின்றுகொண்டு, "அம்மா எப்படி இருக்காங்க?" என்று கேட்பார். உள்ளே படுத்திருக்கும் பிள்ளையைத்தான் கேட்கிறார் என்று அவர்களுக்குப் புரியும். "தாய் தண்ணி குடிக்கிறாங்களா? மூச்சு வேகமா வாங்குதா?" என்று விசாரிப்பார். சில சமயம், "அம்மாகிட்ட உத்தரவு கேட்டுட்டு இந்த மாத்திரையக் குடுங்க" என்று மாத்திரையையும் நீட்டிவிடுவார். யாரும் மறுத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. "அண்ணா, நீங்க எம்.பி.பி.எஸ்ஸா, பூசாரியா?" என்று நான் கிண்டல் செய்வேன். "காய்ச்சல் எறங்கினா ரெண்டும் ஒண்ணுதான் பாப்பா" என்பார். தலை நரைத்த பிறகும் நான் அவருக்குப் பாப்பாதான்.

வருடத்தில் அவருக்கு ஓய்வு என்றால் தையும் மாசியும்தான். மழை விட்டிருக்கும், வெயில் ஏறியிருக்காது. போன் கொஞ்சம் சும்மா இருக்கும். அதனால் எங்கள் குடும்பத்தில் எது நடந்தாலும் அந்த இரண்டு மாதங்களுக்குள் நடந்தாக வேண்டும். அம்மாவின் கண்புரை ஆபரேஷன் தையில். மொட்டை மாடிக்கு ஓடு பதித்தது மாசியில். எனக்கு ஆவணியில் பல் வலி வந்தால்கூட, கிராம்பை வைத்து அடக்கிக்கொண்டு தை வரைக்கும் காத்திருப்பேன், அண்ணன் கூட வந்தால்தான் பல் டாக்டரிடம் போவேன் என்பதால். அவர் மகளுடைய கல்யாணத்துக்கு ஆவணியில் நல்ல முகூர்த்தம் இருப்பதாகச் சம்பந்தி வீட்டார் சொன்னார்கள். "ஆவணியில கண்வலி ஆரம்பிச்சிடும். வந்தவங்கெல்லாம் கருப்புக் கண்ணாடி போட்டுக்கிட்டு போட்டோவுக்கு நிப்பாங்க, பரவாயில்லையா?" என்று அண்ணன் கேட்டார். அவர்கள் மிரண்டுபோய் மாசிக்கு ஒத்துக்கொண்டார்கள். கல்யாண மண்டபத்தில் போன் ஒருமுறைகூட அடிக்கவில்லை. தாலி கட்டி முடிந்ததும் அண்ணன் மெதுவாக என்னிடம் வந்து, "போன் ரிப்பேரா பாரு பாப்பா" என்றார்.

எதையும் தை வரைக்கும் தள்ளிப்போடும் அந்தப் பழக்கத்தைப் பற்றி இவ்வளவு சிரித்து எழுதுகிறேன். அந்தப் பழக்கம்தான் அவரை எங்களிடமிருந்து சீக்கிரமாகவே கொண்டுபோனது.

சிக்குன்குனியா வந்த வருடம் உங்கள் எல்லோருக்கும் நினைவிருக்கும். வீட்டுக்கு இருவர் படுத்திருந்தார்கள். காய்ச்சல் விட்டாலும் மூட்டு வலி விடவில்லை. ஆண்களும் பெண்களும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு குனிந்தே நடந்தார்கள். கிளினிக் வாசலில் நிற்க இடமில்லை. கோவளம் பக்கத்திலிருந்து எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவரும் அம்மாள், கூடையை வாசலில் இறக்கிவிட்டுப் படியில் உட்கார்ந்துவிட்டார்.

"சாரு, முடில சாரு. முட்டி ரெண்டும் பூட்டு போட்ட மாரி கீது. குந்துனா எந்திரிக்க முடில, எந்திரிச்சா குந்த முடில. ஒரே பேஜாரு."

"இது இப்ப எல்லாருக்கும் வர்றதும்மா. கொஞ்ச நாள்ல தானா போயிடும். சுமை தூக்காத."

"சுமை தூக்காங்காட்டி சோறு யாரு சாரு போடுவா?"

அண்ணன் உள்ளே திரும்பி அண்ணியைக் கூப்பிட்டார். அன்று அந்தக் கூடையிலிருந்த மீன் முழுவதையும் அண்ணி வாங்கித் தெருவுக்கே பங்கு வைத்தார்கள்.

அந்த மழையில் அண்ணனுக்கும் காய்ச்சல் வந்தது. படுத்தார், எழுந்தார், மறுபடி ஸ்கூட்டரை எடுத்தார். முதுகிலும் இடுப்பிலும் வலி மட்டும் தங்கிவிட்டது. ஊரே அப்படித்தான் இருந்ததால் யாருக்கும் அது வித்தியாசமாகத் தெரியவில்லை. டாக்டரே குனிந்து நடக்கிறார் என்று நோயாளிகளுக்கு ஒரு சின்ன ஆறுதல்கூட இருந்தது. "இன்னா சாரு, உன்னையும் உடலயா அது?" என்று கேட்டுச் சிரித்தார்கள். அவரும் சிரித்தார்.

கார்த்திகை போய் மார்கழி வந்தது. எங்கள் தெரு ஒவ்வொருவராக நிமிர ஆரம்பித்தது. எதிர்வீட்டு அம்மா குனிந்து பெரிய கோலம் போட்டார்கள். மீன்கார அம்மாள் கூடையோடு பழைய வேகத்தில் நடந்தார். என் கணவர் கைத்தடியைப் பரணில் போட்டுவிட்டார். அண்ணன் மட்டும் நிமிரவில்லை. நாற்காலியிலிருந்து எழும்போது மேஜையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். முகம் வெளிறிக் கிடந்தது. நான் மாடியிலிருந்து இறங்கும்போதெல்லாம் அதைப் பார்த்தேன்.

"அண்ணா, எல்லாருக்கும் சரியாப் போச்சு. உங்களுக்கு மட்டும் ஏன் இன்னும் வலி? ஒரு எக்ஸ்ரே, ஒரு ரத்த டெஸ்ட் எடுத்துப் பாக்கலாமே?"

"சில பேருக்கு நாளாகும் பாப்பா."

"உங்க பேஷண்ட் யாராவது இப்படிச் சொன்னா விடுவீங்களா?"

"இப்ப பனியில மூச்சிளைப்பு சீசன். நான் ஆஸ்பத்திரியில போய் வரிசையில நின்னா இங்க யார் பாக்குறது? தை வரட்டும். பொங்கல் முடிஞ்ச கையோட போய் எல்லாத்தையும் எடுத்துடலாம்."

கோபித்துக்கொண்டேன், இரண்டு நாள் பேசாமல் இருந்தேன், அண்ணியை ஏவிவிட்டேன். எதற்கும் அவர் மசியவில்லை. எங்கள் வீட்டில் தை வரட்டும் என்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் அப்பீல் கிடையாது. எத்தனையோ காரியங்கள் அப்படிக் காத்திருந்து நல்லபடியாகவே முடிந்திருந்தன. இதுவும் முடியும் என்று நானும் நம்பத்தான் செய்தேன்.

சொன்னபடி பொங்கல் கழிந்ததும் போனோம். நகரத்தில் பெரிய மருத்துவமனையில் அவரோடு படித்த நண்பர் ஒருவர் இருந்தார். பரிசோதனை முடிவுகள் வந்த அன்று அந்த டாக்டர் படங்களை விளக்குக்கு எதிரே தூக்கிப் பிடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். எலும்பு மஜ்ஜையில் வரும் புற்றுநோய் என்றார். முதுகெலும்பு பல இடங்களில் அரித்துப்போயிருந்தது.

"ஏன்டா, இவ்வளவு நாளா என்னடா பண்ணிக்கிட்டு இருந்தே?" என்று நண்பர் கேட்டார். 

"சீசன்டா" என்றார் அண்ணன்.

முன்னமே வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் அந்த டாக்டரைத் தனியே கேட்டேன். நோய் போயிருக்காது, இன்னும் கொஞ்ச காலம் கிடைத்திருக்கும் என்றார். அந்தக் கொஞ்ச காலத்தைத்தான் இப்போதும் நினைத்துக்கொண்டிருக்கிறேன். அது எந்த மாதமாக இருந்திருக்கும்? ஒரு ஜூனாக இருந்திருக்குமா, ஒரு ஐப்பசியாக இருந்திருக்குமா? ஒரு சாதாரண இருமல் மாதமாக இருந்தாலும் போதும், அது எனக்கு வேண்டும். அவரை யாரும் கூப்பிடாத ஒரு மத்தியானம் கிடைத்தால்கூடப் போதும்.

அதன் பிறகு ஒரு சுற்று மாதங்களை அண்ணன் முன்னறை நாற்காலியிலிருந்தே பார்த்தார். மருந்து ஏற்றிக்கொண்டு வந்தால் சில நாள் நன்றாக இருப்பார். ஸ்கூட்டரை விற்க மட்டும் விடவில்லை. நோயாளிகளைப் பெருங்களத்தூரில் ஓர் இளம் பெண் மருத்துவரிடம் அனுப்பிவைத்தார். ஆனால் போனை அவர் பக்கத்திலேயே வைத்திருந்தார். பங்குனியில் பக்கத்துத் தெருவில் வேப்பிலை தொங்குவதாகக் கேள்விப்பட்டதும் அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. "நீ போய்க் கேட்டுட்டு வா பாப்பா. செருப்ப வெளிய விட்டுட்டு நில்லு" என்றார். போனேன். வெயிலில் சுட்ட தரையில் வெறுங்காலோடு நின்றுகொண்டு, "அம்மா எப்படி இருக்காங்க?" என்று கேட்டேன். தண்ணி குடிக்கிறாங்க, மூச்சு நல்லா இருக்கு என்றார்கள். திரும்பி வந்து சொன்னதும் கண்ணை மூடிக்கொண்டு தூங்கினார். பாதம் கொப்பளித்துப்போனதை நான் அவரிடம் சொல்லவில்லை.

மழை வந்தபோது அவரால் எழுந்து நடக்க முடியவில்லை. முடிச்சூர் ரோட்டில் தண்ணீர் நிற்கிறதா, ஏரி எவ்வளவு ஏறியிருக்கிறது, காய்ச்சல் எப்படி இருக்கிறது என்று வருகிறவர்களையெல்லாம் கேட்டுக்கொண்டே இருந்தார். மீன்கார அம்மாள் ஒருநாள் கூடை இல்லாமல் வந்து கட்டில் ஓரத்தில் தரையில் உட்கார்ந்தார்.

"இன்னா சாரு இப்டி ஆயிட்ட? சட்டுனு எந்திரி சாரு. இந்த மழைல எங்க புள்ளைங்கோ யாராண்ட போவும்?"

"ஒரு பொம்பள டாக்டர் இருக்காங்க. நல்லாப் பாப்பாங்க."

"அவுங்க நல்லாத்தான் பாக்குறாங்கோ. ஆனா திட்ட மாட்றாங்கோ சாரு."

அண்ணன் சிரித்தார். அந்த மாதங்களில் அவர் வாய்விட்டுச் சிரித்தது அன்று ஒருநாள்தான்.

மார்கழியைப் பற்றி இனிமேல்தான் சொல்ல வேண்டும். எங்கள் அம்மாவுக்கு இளைப்பு நோய் இருந்தது. போகி விடியற்காலையில் புகை வரும் என்று ஜன்னல் இடுக்கிலெல்லாம் ஈரத் துணியைச் செருகிவிட்டு அண்ணனும் நானும் அம்மாவின் இரு பக்கமும் உட்கார்ந்திருப்போம். அம்மா காலமான பிறகும் அண்ணனுக்குப் போகி என்றாலே கோபம். குரங்குக் குல்லாவை மாட்டிக்கொண்டு, லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, இருட்டு பிரியுமுன்பே தெருவில் இறங்கிவிடுவார்.

"பழைய பாய எரி, கிழிஞ்ச துணிய எரி, யார் வேணாங்கறா? எவன்டா அது டயர் கொண்டாந்தது?"

"ஒண்ணே ஒண்ணுதான் சார். சைக்கிள் டயர்தான் சார்" என்று பையன்கள் கெஞ்சுவார்கள். அவர் தலை மறைந்ததும் லாரி டயரே வெளியே வரும். மத்தியானத்துக்குள் போன் அடிக்கும். பெரும்பாலும் அதே பையன்களில் ஒருவனுடைய அம்மாவுக்கு மூச்சு முட்டும். அண்ணன் ஓடுவார். அந்த அம்மாவுக்கு மருந்துப் புகையைப் பிடிக்க வைத்துக்கொண்டே மகனை வாய்க்கு வந்தபடி திட்டுவார். வருடா வருடம் இதே கதைதான். ஒரு வருடம்கூட அவர் பேச்சை யாரும் கேட்டதில்லை.

போன வருடப் போகிக்கு முந்தைய வாரத்தில் அண்ணனுக்கு மூச்சு விடுவதே சிரமமாகிவிட்டது. நான் பழைய துணிகளையெல்லாம் ஈரப்படுத்தித் தயாராக வைத்திருந்தேன். விடியற்காலையில் எழுந்து பார்த்தால் தெருவில் ஒரு வெளிச்சம்கூட இல்லை. எங்கோ ரொம்ப தூரத்தில் பிள்ளைகள் மேளம் தட்டும் சத்தம் மட்டும் கேட்டது. கொஞ்ச நேரத்தில் அண்ணன் கண் விழித்தார்.

"பாப்பா, இன்னிக்குப் போகிதானே?"

"ஆமாண்ணா."

"ஜன்னல் தொறந்திருக்கே."

"யாரும் எரிக்கலண்ணா."

"ஏன், மழையா?"

"இல்லண்ணா. எதிர்வீட்டம்மா நேத்து வீடு வீடாப் போய்ச் சொல்லியிருக்காங்க. டாக்டருக்கு முடியல, இந்த வருஷம் நம்ம தெருவுல வேணாம்னு. பசங்க மேளத்தைக்கூட ஏரிக்கரையில போய் அடிக்கிறாங்க."

அவர் ஜன்னல் பக்கம் தலையைத் திருப்பினார். "வருஷா வருஷம் தொண்டை கிழியக் கத்தினேன், ஒரு பய கேக்கல" என்று சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு பாதியிலேயே அழுகையாகிவிட்டது. அப்பா போனபோதும் அம்மா போனபோதும் அழாத மனிதர். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஜன்னல் வழியாகக் குளிர்ந்த நல்ல காற்று வந்தது.

தை பிறந்து சில நாட்களில் அண்ணன் எங்களை விட்டுப் போனார். அண்ணியும் மகளும் மருமகனும் நானும் பக்கத்தில் இருந்தோம். தூங்குகிறவரைப் போலத்தான் போனார்.

கடைசி வரை தம்பியைப் போலக் கவனித்துக்கொண்ட அந்த மருத்துவ நண்பருக்கும், வேலை முடிந்து தினமும் வந்து பார்த்துவிட்டுப் போன நர்சிங் ஹோம் நர்ஸ்களுக்கும், மருத்துவமனைக்குப் போகும்போதெல்லாம் பள்ளம் பார்த்துப் பார்த்து ஆட்டோ ஓட்டிய தெருமுனை ஸ்டாண்டு தம்பிகளுக்கும், கூடை இல்லாமல் வந்து உட்கார்ந்த அந்த அம்மாளுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது. இறுதிச் சடங்கில் தோள் கொடுத்தவர்களுக்கும், இன்று இந்த நினைவு நாளுக்கு வந்திருப்பவர்களுக்கும் கை கூப்பி வணங்குகிறோம்.

எங்கள் தெருக்காரர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். இந்த வருடப் போகிக்கும் நீங்கள் யாரும் எரிக்கவில்லை. யாரும் கேட்டுக்கொள்ளாமலே, டாக்டருக்காக என்று விட்டுவிட்டீர்கள். அதற்கு எந்த வார்த்தையில் நன்றி சொல்வது என்று அண்ணிக்கும் எனக்கும் தெரியவில்லை. ஆனால் உங்களிடம் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அன்று இருட்டு பிரியுமுன்பே நான் எழுந்து வாசலில் வந்து நின்றேன். எந்த வீட்டு வாசலிலாவது யாராவது ஒரு டயரைக் கொளுத்த மாட்டார்களா என்று என் மனம் ஏங்கியது. புகை கிளம்பினால் அண்ணன் திட்டிக்கொண்டே வெளியே வந்துவிடுவார் என்று தோன்றியது. நன்றாக விடியும் வரைக்கும் நின்றிருந்தேன். காற்று சுத்தமாகவே இருந்தது.